கிளையன்ட் கடைகளின் எக்ஸ்டென்ஷன் சந்தாவை யார் பெயரில் வாங்குவது?

கேள்வி கேட்டவர் குடியாத்தத்தில் இருந்து வேலை செய்யும் வெப் டெவலப்பர். மூன்று வருடத்தில் பதினொரு வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் தளத்தில் ஆன்லைன் கடை நடத்த உதவும் மென்பொருள்) கடைகள் கட்டிக்கொடுத்திருக்கிறார். எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் (கடைக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள், பிளகின் என்றும் சொல்வோம்) தன் கணக்கில், தன் கார்டில் வாங்கிப் போட்டிருக்கிறார். இந்த மாதம் நான்கு சந்தாக்கள் ஒரே வாரத்தில் புதுப்பித்துக்கொண்டு அவர் கார்டில் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் போய்விட்டது. ஆம்பூர் செருப்புக் கடைக்காரர் "ஒரு தடவை வாங்கினா முடிஞ்சுதே, நான் ஏன் திரும்பக் கொடுக்கணும்?" என்கிறார். அந்தக் கடையின் பிளகினை நிறுத்தலாமா, இனி எல்லாருக்கும் சேர்த்து ஏஜென்சி லைசென்ஸ் (பல தளங்களுக்கு ஒரே உரிமம்) வாங்கிவிடலாமா என்பது கேள்வி.

முதலில் அவசரமானது. பிளகினை நிறுத்தாதீர்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறது என்பதற்காக அடுத்தவர் கடையின் ஷட்டரை இறக்க நமக்கு உரிமை கிடையாது. அதோடு நிறுத்தினால் உங்கள் பணம் திரும்பி வரப்போவதுமில்லை. வாங்கிய இடத்தில் பணம் திருப்பிக் கேட்கும் காலம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வூகாமர்ஸ் தளத்தில் வாங்கியதென்றால் 30 நாள். போன வாரம்தான் டெபிட் ஆனது என்கிறீர்கள், அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது. அடுத்து, பதினொரு கடைக்கும் ஆட்டோ ரினியூவலை (தானாகப் புதுப்பித்துக்கொள்வதை) அணைத்துவிடுங்கள். அணைத்தால் சந்தா அன்றே செத்துவிடாது, கட்டிய காலம் முடியும்வரை ஓடும். காலம் முடிந்த பிறகும் எக்ஸ்டென்ஷன் பெரும்பாலும் கடையில் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அப்டேட்டும் உதவியும்தான் நிற்கும். இதைச் செருப்புக் கடைக்காரரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "புதுப்பிக்காவிட்டால் நாளைக்கே கடை மூடிவிடும்" என்று பயமுறுத்தினால், அடுத்த நாள் கடை ஓடுவதைப் பார்த்துவிட்டு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

ஆனால் புதுப்பிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது எனக்குச் சூடுபட்டுத் தெரிந்தது. ஆரணியில் ஒரு பட்டுக்கடை என் கிளையன்ட். புடவைப் பக்கத்திலேயே ஃபால்ஸ் வைக்கவா, பிகோ அடிக்கவா, பிளவுஸ் தைத்துத் தரவா என்று வாடிக்கையாளர் டிக் அடித்தால் அதற்கான கூலி தானாகக் கூடும்படி ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுக் கொடுத்திருந்தேன். அது என் கணக்கில், என் கார்டில். கார்டு காலாவதியாகி வங்கி புதுக் கார்டு அனுப்பியது, நான் அந்தக் கணக்கில் நம்பரை மாற்றவில்லை. புதுப்பிப்பு தோற்றது என்ற மெயில் விளம்பர மெயில்களுக்கு நடுவே போய் விழுந்தது. இரண்டு வருடம் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு அப்டேட் கூட வரவில்லை, நான் கவனிக்கவும் இல்லை. தளம் ஓடும் நிரல் மொழி பிஹெச்பி, அதன் 7.4 பதிப்புக்கு 2022 நவம்பரோடு ஆதரவு முடிந்தது. அதற்கடுத்த வருடம் ஹோஸ்டிங்காரர்கள் (தளத்தைத் தங்கள் சர்வரில் வைத்திருப்பவர்கள்) எல்லாத் தளங்களையும் 8.1க்குத் தள்ளினார்கள். அந்தப் பழைய எக்ஸ்டென்ஷனுக்குள் ஒரு மூலையில் பிஹெச்பி 8ல் தூக்கியே எறியப்பட்ட ஒரு ஃபங்ஷன் உட்கார்ந்திருந்தது. ஆடி வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு போன். "இன்னாப்பா இது, புடவை மேல கை வெச்சா வெள்ளையா வருது." முகப்புப் பக்கம் வரும், எந்தப் புடவையைத் தொட்டாலும் 'கடுமையான பிழை' என்று ஒற்றை வரி. எக்ஸ்டென்ஷனை அணைத்தால் புடவை தெரிகிறது, ஆனால் பிளவுஸ் தையல் கூலி இல்லாமல் ஆர்டர் விழுகிறது. புதுக் கார்டைப் போட்டு, சந்தா எடுத்து, இரண்டு வருட அப்டேட்டை ஒரே தாவலில் ஏற்றி, தளத்தின் தோற்ற வடிவமைப்பான தீமில் உடைந்ததைச் சரிசெய்து முடிக்க மதியம் ஒன்றாகிவிட்டது. இதில் வெட்கம் என்னவென்றால், அந்த இரண்டு வருடமும் அவர் எனக்குப் பராமரிப்புக் கட்டணம் ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஒரு முடிவு: சந்தா கடைக்காரர் பெயரில், அவர் மெயிலில், அவர் கார்டில். என் வேலை அதைக் கவனிப்பது, அந்தக் கவனிப்புக்குத்தான் நான் காசு வாங்குகிறேன். வேலூர் லாங் பஜாரில் எந்தக் கடையையாவது பாருங்கள். பூட்டு வாங்கியவர் முதலாளி, சாவியும் அவரிடம், காலையில் வந்து திறக்கும் ஆளிடம் இன்னொரு சாவி. நாம் அந்த இன்னொரு சாவிக்காரர்.

இதற்கு வரிக் காரணம் ஒன்று உண்டு, நம் ஆட்கள் பலர் அதை யோசிப்பதே இல்லை. நீங்கள் சந்தாவை வாங்கி, மேலே கொஞ்சம் வைத்து கிளையன்டிடம் வசூலித்தால், முழுத் தொகையும் உங்கள் விற்பனை. சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு வருடத்துக்கு 20 லட்சம். அந்தக் கணக்கில் உங்கள் கையில் நிற்காத சந்தாப் பணமும் சேர்ந்துவிடும். வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் உத்தேச வரி முறையில் நீங்கள் இருந்தால் இன்னும் மோசம். அடுத்தவருக்காக நீங்கள் கட்டிய சந்தாவில் பாதி உங்கள் வருமானம் என்று ஆகி, அதற்கு வருமான வரி கட்டுவீர்கள். ஜிஎஸ்டியில் 'பியூர் ஏஜென்ட்' (கிளையன்ட் சார்பில் கட்டிய தொகையை நம் விற்பனையில் சேர்க்காமல் விடுவது) என்று ஒரு வழி இருக்கிறதே என்று ஆடிட்டர் சொல்லலாம். இருக்கிறது, விதி 33. ஆனால் கிளையன்ட் உங்களுக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும், வாங்கிய பொருள் உங்களுடையதாக இருக்கக் கூடாது, கட்டிய தொகையை அப்படியே, ஒரு ரூபாய் கூட ஏற்றாமல், பில்லில் தனி வரியாகக் காட்ட வேண்டும். உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் வாங்கிய சந்தாவை வைத்துக்கொண்டு அதை வாதாடுவது கஷ்டம். முதலிலேயே அவர் பெயரில் வாங்கிவிட்டால் இந்த வாதமே வேண்டாம்.

ஜிஎஸ்டி பதிவு உள்ள கடையாக இருந்தால், வாங்கும்போது அவர் ஜிஎஸ்டி எண்ணைப் போடுங்கள். வெளிநாட்டில் இருந்து வாங்கும் சேவைக்கு அவரே ரிவர்ஸ் சார்ஜில் (விற்பவருக்குப் பதில் வாங்குபவரே வரி கட்டும் முறை) 18 சதவீதம் கட்டி, உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காம்பொசிஷனில் (சிறு கடைகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் திட்டம்) இருப்பவர் கட்டத்தான் முடியும், எடுக்க முடியாது. இதை அவர் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ரிட்டர்ன் போடுவது நம் வேலையில்லை.

விலை சொல்லும்போதும் கவனம். 100 டாலர் என்று பார்த்துவிட்டு "எட்டரையாயிரம்" என்று கிளையன்டிடம் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8,500. பல கார்டுகள் வெளிநாட்டுப் பணத்துக்கு 3.5 சதவீதம் வரை ஏற்றும், அது 298. அந்த ஏற்றத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 54. ஆக 8,852. ஜிஎஸ்டி எண் கொடுக்காவிட்டால் விற்பவர் இதற்கு மேல் 18 சதவீதம் வரி போடவும் வாய்ப்புண்டு. முதலிலேயே பத்தாயிரத்தைத் தாண்டும் என்று சொல்லிவைத்தால், குறைவாக வந்தால் சந்தோஷப்படுவார்.

ஆட்டோ ரினியூவலை நான் நம்புவதே இல்லை. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே இ-மேண்டேட் (தானாக எடுக்க நாம் கொடுக்கும் அனுமதி) பதிவு செய்திருக்க வேண்டும், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வங்கி தகவல் அனுப்ப வேண்டும். தொகை வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அந்த வரம்பு முதலில் 5,000, 2022 ஜூனில் 15,000 ஆனது. வெளிநாட்டுச் சிறு விற்பனையாளர்கள் பலர் இந்த ஏற்பாட்டுக்குள் வரவே இல்லை. கணக்கில் 'ரினியூவல் ஆன்' என்று பச்சையாகக் காட்டும், தேதி வந்தால் கார்டு மறுக்கும். உங்களுக்கு நான்கும் டெபிட் ஆகிவிட்டது என்பதே எனக்கு ஆச்சரியம். ஆகவே கையால் புதுப்பிப்பது என்றே பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு உருவாக்குவதில் ஒரு நுணுக்கம். கடையின் டொமைன் மெயிலில் சந்தாக் கணக்கைத் திறக்காதீர்கள். டொமைன் புதுப்பிக்க மறந்த அன்று மெயிலும் போய்விடும், கணக்கைத் திறக்கும் ஓடிபியும் போய்விடும். கடைக்கென்று தனியாக ஒரு ஜிமெயில், அதன் மீட்பு எண் முதலாளியின் போன் நம்பர், வந்த மெயில் உங்களுக்கும் ஒரு காப்பி வரும்படி ஃபார்வர்டு. பாஸ்வேர்டு உங்கள் பாஸ்வேர்டு மேனேஜரில் ஒன்று, அவர் கணக்குப் பிள்ளையின் நோட்டில் ஒன்று. நோட்டில் எழுதலாமா என்று பாதுகாப்பு நிபுணர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் முந்தைய டெவலப்பர் பெங்களூர் போய்விட்டார், மெயில் யாருக்கும் தெரியாது என்று காட்பாடி காந்தி நகரில் ஒரு கடைக்காரர் என் எதிரில் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு, எனக்கு நோட்டுதான் பிடித்திருக்கிறது. அவருக்குப் பணம் கட்டிய சந்தா உயிரோடு இருந்தது, தொட வழியில்லாமல் அதையே இரண்டாம் முறை வாங்கினோம்.

ஓடிபிக்காகப் போனில் துரத்தாதீர்கள். முகூர்த்த நாளில் துணிக்கடைக்காரர் போன் எடுக்கமாட்டார், ஐந்து நிமிடத்தில் ஓடிபி காலாவதி. நான் வருடத்துக்கு ஒருமுறை கடைக்கே நேரில் போகிறேன். ஆரணிக் கடையில் மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் இருக்காது. லேப்டாப்பைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, முதலாளி கார்டை எடுத்துக் கொடுக்க, அவர் மகன் போனைப் பார்த்து எண்களைப் படிக்க, டீ ஆறுவதற்குள் மூன்று சந்தா முடிந்துவிடும். அப்போதே கேட்பார், "இது இன்னாத்துக்கு, போன வருஷம்தானே குடுத்தேன்?" அதற்குக் கடையிலேயே பதில் இருக்கிறது. "அண்ணா, எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வெக்கிறீங்களே, தராசு போன வருஷம் வாங்கினதுதானே?" இது லாங் பஜார் மளிகைக் கடையில் ஒருவர் என்னிடமே சொன்ன உவமை. நான் சாஃப்ட்வேர் வளர்ச்சி, செக்யூரிட்டி என்று பத்து நிமிடம் பேசியும் ஏறாதது அதில் ஏறியது. ஆம்பூர்க்காரர் தராசு வைத்திருக்கமாட்டார், அவர் தையல் மெஷின் சர்வீஸ் பற்றிக் கேளுங்கள்.

முடிந்தால் பல சந்தாக்களின் தேதியை ஒரே மாதத்துக்குக் கொண்டுவாருங்கள். தை, மாசி எனக்குச் சரியாக வருகிறது. தீபாவளி, பொங்கல் வசூல் கையில் இருக்கும். புரட்டாசியில் கேட்டால் "தீபாவளி சரக்குக்கே பணமில்லை" என்பார், அது உண்மையும்கூட.

இப்போது புதுப்பிப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை, இதில்தான் கிளையன்டின் பணம் மிச்சமாகும். ஒரு கூகுள் சீட் போடுங்கள். கடை, எக்ஸ்டென்ஷன், வாங்கிய இடம், கணக்கு மெயில், முடியும் தேதி, கார்டின் கடைசி நான்கு எண். இவை எல்லாரும் எழுதுவது. கடைசியாக ஒரு பத்தி (நெடுவரிசை) வேண்டும்: 'இது இல்லாவிட்டால் என்ன நிற்கும்?' அதை நிரப்பும்போதுதான் பாதி எக்ஸ்டென்ஷன் எதற்கென்றே தெரியாமல் கிடப்பது புரியும்.

ஆற்காட்டில் மக்கன் பேடா விற்கும் ஒரு கடை. பேடா சில நாள்தான் தாங்கும், ஆகவே அருகில் உள்ள ஊர்களுக்கு மட்டும் அனுப்புவார். அதற்காக முந்தைய டெவலப்பர் பின்கோடு பார்த்து டெலிவரி தடுக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை வருடச் சந்தாவில் போட்டிருந்தார். வூகாமர்ஸில் எந்தப் பகுதிக்கு டெலிவரி என்று வகுக்கும் ஷிப்பிங் ஸோனுக்குள்ளேயே பின்கோடு எழுதும் இடம் இருக்கிறது. அங்கே 632* என்று ஒரு வரி எழுதினால் வேலூர் 632001ல் இருந்து காட்பாடி 632007, ஆரணி 632301, ராணிப்பேட்டை 632401, ஆற்காடு 632503 வரை எல்லாம் உள்ளே வந்துவிடும். ஆம்பூர் 635802, வராது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மூன்று புள்ளி வைத்து இந்த எண்ணில் இருந்து அந்த எண் வரை என்றும் எழுதலாம். வேறு ஸோன் எதுவும் இல்லாமல் விட்டால் சென்னைக்காரருக்கு டெலிவரி வழியே காட்டாது. சந்தாவை விட்டுவிட்டோம். அந்த ஒரு வரிக்காக அவர் எனக்கு அரைக் கிலோ பேடா கொடுத்தார். ஃபீஸும் வாங்கினேன்.

எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதற்கு என் கணக்கு எளிது. பணம் வாங்கும் இடத்தையும் ஆர்டர் பதியும் இடத்தையும் தொடும் எதையும் காலாவதியாக விடமாட்டேன். 2023 அக்டோபரில் வந்த வூகாமர்ஸ் 8.2ல் இருந்து புதுக் கடைகளுக்கு ஆர்டர்கள் டேட்டாபேஸில் தனி அட்டவணைகளில் சேமிக்கப்படுகின்றன. அதற்கு முந்தைய காலத்து எக்ஸ்டென்ஷன் ஆர்டரைப் பழைய இடத்தில் தேடிக்கொண்டிருக்கும். பேனர் நகர்த்துவது, வண்ணம் காட்டுவது போன்றவை ஒரு வருடம் தள்ளினாலும் கடை ஓடும், ஆனால் அப்டேட் இல்லாத பிளகினில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியானால் உடனே கழற்றிவிட வேண்டும்.

செருப்புக் கடைக்காரர் அடுத்து ஒன்று சொல்வார், தயாராக இருங்கள்: "டெலிகிராம்ல அதே பிளகின் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்குதாமே?" கிடைக்கும். வேர்ட்பிரஸ் எக்ஸ்டென்ஷன்கள் பெரும்பாலும் ஜிபிஎல் உரிமத்தில் (காப்பி எடுத்துப் பகிர அனுமதிக்கும் திறந்த உரிமம்) வருவதால் காப்பி எடுத்துக் கொடுப்பதே குற்றம் என்று சொல்ல முடியாது, இதை மறைத்துப் பேசாதீர்கள். ஆனால் நடுவில் யார் கை வைத்தார்கள், உள்ளே எதைச் செருகினார்கள் என்பது தெரியாது. அப்டேட்டும் அதே டெலிகிராமில் இருந்துதான் வரவேண்டும். வாடிக்கையாளர் கார்டு எண் அடிக்கும் பக்கத்தில் அதை நான் போடமாட்டேன், அவரே போட்டுக்கொண்டால் அந்தக் கடையின் பராமரிப்பை விட்டுவிடுவேன். இரண்டு கிளையன்ட் இப்படிப் போயிருக்கிறார்கள்.

ஏஜென்சி லைசென்ஸ் பற்றி. 25 தளத்துக்கு ஒரே கீ (உரிமத்துக்கான குறியீட்டு எண்) என்றால் தலைக்கு மலிவுதான், கணக்குப் போட்டால் ஆசையாக இருக்கும். பேஜ் பில்டர் (பக்கம் வடிவமைப்பது), கேஷ் (தளத்தை வேகமாக்குவது) போன்ற, எல்லாக் கடைக்கும் பொதுவான ஒன்றிரண்டுக்கு மட்டும் நான் வைத்திருக்கிறேன். அது என் கருவி, என் செலவு, என் பராமரிப்புக் கட்டணத்துக்குள் அடக்கம். ஒப்பந்தத்தில் ஒரு வரி: 'பராமரிப்பு முடிந்தால் இந்தக் கீ எடுக்கப்படும், அதன் பின் அப்டேட் வேண்டுமானால் தாங்களே வாங்க வேண்டும்.' இந்த வரி இல்லாமல் கீயைப் போட்டீர்களானால் போன கிளையன்டுக்கும் ஆயுள் முழுக்க நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள். கிளையன்டின் மைத்துனர் என் கீயை எடுத்துத் தன் தளத்திலும் போட்டு, எனக்கு இடம் தீர்ந்துபோன கதையும் நடந்தது. வாங்கும்முன் விதிகளைப் படியுங்கள், சிலர் கிளையன்ட் தளத்தில் போடவே விடமாட்டார்கள்.

இனி வூகாமர்ஸுக்குப் பதில் ஷாப்பிஃபை என்ற ஆன்லைன் கடைச் சேவையில் கடை கட்டினால் இந்தத் தொல்லை குறைவு. ஆப் கட்டணம் பெரும்பாலும் கடையின் பில்லிலேயே ஏறும், நம் கார்டு நடுவில் வராது. ஆப்பை நீக்கிய பிறகு தீமுக்குள் அதன் நிரல் மிச்சமிருக்கிறதா, தனியாகப் பில் போடும் ஆப்பா என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் பதினொன்றுக்கு வருவோம். வூகாமர்ஸ் தளத்தில் வாங்கியவற்றை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடும் வசதி இருக்கிறது. கடைக்காரர் பெயரில் கணக்கு திறந்து, மாற்றி, கடைத் தளத்தைப் பழைய கணக்கில் இருந்து துண்டித்துப் புதியதோடு இணையுங்கள். இந்தக் கடைசிப் படியை மறந்தால் அப்டேட் வராது. பிற விற்பனையாளர்களுக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். மாற்றவே மாட்டோம் என்றால் அந்த வருடம் முடியும்வரை உங்களிடம் இருக்கட்டும், அடுத்தது அவர் பெயரில். முடிவதற்கு 60 நாள், 30 நாள், 7 நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் எழுத்தில் அனுப்புங்கள், 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று பதில் வாங்குங்கள். 'வேண்டாம்' என்றால் அதுவும் நல்ல பதில்தான், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சீட்டில் ஒட்டுங்கள். இந்தக் கண்காணிப்புக்குக் கடைக்கு வருடத்துக்கு 6,000 ரூபாய் நான் தனி வரியாகப் பில்லில் போடுகிறேன். முதல் வருடம் இருவர் முணுமுணுத்தார்கள், யாரும் போகவில்லை.

செருப்புக் கடைக்கான சந்தாவை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு, பணம் வந்த பிறகு ஆம்பூருக்கு நேரில் போங்கள். சென்ற வருடம் அவர் பெயரில் வாங்காதது உங்கள் தவறு என்று முதலில் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு சீட்டில் அவர் கடை வரிகளைக் காட்டி, கடைசிப் பத்தியை அவரையே நிரப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், தொழுகைக்குக் கடை அடைத்திருக்கலாம்.